கையொப்பமில்லாத தாள்

போர்கோலுங்கோ,
6 டிசம்பர் 1931

அன்புத் தம்பி ஒரெஸ்தேவுக்கு,

நீ தீவுக்குப் போய்ச் சேர்ந்ததாக எழுதிய அட்டை நேற்று வந்தது. படுக்க ஒரு வைக்கோல் மெத்தையாவது கிடைத்திருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அம்மா ஒரு வேளை முழுதாகச் சாப்பிட்டாள். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவுக்குத்தான் பனி இறங்கியதும் மூட்டுவலி வந்துவிட்டது. இளவயதில் நெல்வயலில் முழங்கால் தண்ணீரில் நின்று களையெடுத்த கால்கள், ஒவ்வொரு டிசம்பரிலும் கணக்குத் தீர்க்கின்றன.

அச்சகத்தில் உன் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். அச்செழுத்துக் கோக்க அவனுக்கு உன்னைப்போல் கை ஓடாது என்று முதலாளி சொன்னாராம். அதையும் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத்தான் சொன்னாராம்.

கையொப்பமில்லாத ஒரு பக்கத் தாளை அச்சடித்ததற்கு ஐந்து வருடத் தீவுக்காவல் என்பது அம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. "அச்சடிச்சவனுக்கு அஞ்சு வருஷம்னா எழுதிக் குடுத்தவனுக்கு எத்தனை?" என்று கேட்டாள். எழுதியது யார் என்று நீ கடைசிவரை சொல்லவில்லை, அதனால் நீயே எழுதினாய் என்று போட்டுவிட்டார்கள் என்றேன். "எந்தப் பாவியோ எழுதிட்டு வீட்ல உக்காந்து சுடச்சுடச் சோளக்களி திங்கறான். எம்புள்ள கடலுக்கு நடுவுல கெடக்கறான்" என்றாள். நான் அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்தேன்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன். கிடைத்ததும் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
இனேஸ்

&nbsp;

தீவு,
10 ஜனவரி 1932

அன்புள்ள அக்கா,

காலுறை வந்தது. ஒரு ஜோடி எனக்கு, ஒரு ஜோடி பக்கத்து மெத்தைக்காரர் செத்திமியோவுக்கு. பார்மாவில் டிராம் ஓட்டியவர். "உங்கக்கா பின்னின காலுறைல நடந்தா நிக்கவே தோணலப்பா" என்று முற்றத்தில் சுற்றிச் சுற்றி வருகிறார். இங்கே நடக்க அந்த முற்றமும் கடைத்தெருவின் பாதியும்தான். அதைத் தாண்டினால் சிறை.

உன் உடம்பும் அம்மாவின் மூட்டும் எப்படி? எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரே கூடத்தில் எழுபது பேர். காலையும் மாலையும் பெயர் கூப்பிடுகிறார்கள். பயறு வேக வைப்பதில் நான் தேர்ந்துவிட்டேன். அம்மாவிடம் சொல், சிரிப்பாள்.

(இங்கே நான்கு வரிகள் மை பூசி மறைக்கப்பட்டுள்ளன.)

உன் பள்ளி எப்படிப் போகிறது? உன் வேலையைக் காப்பாற்றிக்கொள். அம்மாவுக்கு இனி நீ மட்டும்தான். இன்னொரு முறை எழுதுகிறேன், அக்கா: வேலையைக் காப்பாற்றிக்கொள். அதற்கு என்ன செய்யச் சொன்னாலும் செய்.

வாரத்துக்கு ஒரு தாள்தான் அனுமதி. தாள் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு முத்தம்.

தம்பி,
ஒரெஸ்தே

&nbsp;

போர்கோலுங்கோ,
6 மார்ச் 1932

அன்புத் தம்பிக்கு,

நீ நலமென்று நம்பி எழுதுகிறேன். பனி விலகத் தொடங்கிவிட்டது. அம்மா எழுந்து நடமாடுகிறாள். இன்றைக்கு நல்ல சேதி கொண்டுவருகிறேன் என்று அவள்தான் எழுதச் சொன்னாள்.

புதன்கிழமை பாதிரியார் செல்சோ வீட்டுக்கு வந்தார். காவல் நிலையத்தில் பேசியிருக்கிறார். ஆட்சித் தலைவர் பெயருக்கு நீ ஒரு கருணை மனு எழுதினால் கோடைக்குள் வீடு திரும்பலாமாம். நீளமாக வேண்டாம், இரண்டு வாக்கியம் போதும் என்றார். முதல் வாக்கியம், செய்ததற்கு வருந்துகிறேன் என்பது. இரண்டாவது, அந்தத் தாளை எழுதிக் கொடுத்தவரின் பெயர். அச்சுக் கோப்பவன் அப்படி எழுதியிருக்க மாட்டான் என்று அவர்களுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது.

அம்மா பாதிரியாரின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "ரெண்டே வரி சாமி. அவன் ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வரி கோத்தவன். எழுதிருவான்" என்றாள்.

நீ எழுதினால் நான் தடுக்க மாட்டேன், ஒரெஸ்தே. இதை நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். இரண்டு வாக்கியமும் எழுதினாலும் சரி. நான் தடுக்க மாட்டேன்.

அக்கா,
இனேஸ்

&nbsp;

தீவு,
20 மார்ச் 1932

அன்புள்ள அக்கா,

அம்மா நடமாடுவது கேட்டுச் சந்தோஷம். நான் நலம்.

எழுத மாட்டேன்.

முதல் வாக்கியத்தை ஒருவேளை பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிவிடுவேன். சிலர் இங்கே எழுதினார்கள், போனார்கள். அவர்களை நான் குறை சொல்வதில்லை. இரண்டாவது வாக்கியம் கிடையாது. எழுதியதும் கோத்ததும் அடித்ததும் நான்தான். இல்லாத ஆளின் பெயரை எங்கே போய்த் தேடுவது?

அம்மா ஏன் என்று கேட்டால் திமிர் என்று சொல். சின்ன வயதிலிருந்தே என்னை அவள் அப்படித்தானே சொல்லுவாள். நம்பிவிடுவாள்.

பாதிரியாருக்கு என் வணக்கம். உன் வகுப்பில் இந்த வருடம் எத்தனை பிள்ளைகள்? எழுதவே இல்லையே.

தம்பி,
ஒரெஸ்தே

&nbsp;

போர்கோலுங்கோ,
22 மே 1932, பத்தாம் ஆண்டு

அன்புத் தம்பிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எழுத்து தெரியாதவளிடம் ஒரு வரியை மாற்றி வாசிப்பது எவ்வளவு சுலபம்! என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாரோ ஒருத்தன் பேரைக் காப்பாத்த பெத்தவள வேணாங்கிறான். இனிமே அவன் கடுதாசிய எனக்குப் படிக்காத" என்றாள். அன்றிலிருந்து உன் பேச்சை எடுத்தால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள். கோழிகளுக்குத் தீனி போட்டு முடிவதே இல்லை.

உன்னிடம் மறைக்காமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏப்ரலில் ஆளுங்கட்சி உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டேன். தம்பி தீவில் இருக்கும் ஆசிரியைக்கு அது இல்லாமல் தீராது என்று தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். சனிக்கிழமைகளில் கறுப்புச் சட்டை போட்டு மரத் துப்பாக்கியைத் தோளில் வைத்து நடக்கிறார்கள். போன வாரம் நல்லாசிரியர்களை முன்வரிசையில் நிறுத்தினார்கள். நானும் நின்றேன். எட்டு வயது அல்தோ துப்பாக்கியைத் தவறவிட்டு அழுதான். எல்லோரும் கைதட்டியபோது நானும் தட்டினேன்.

நீ என்ன நினைப்பாயோ! திட்டுவதானால் திட்டி எழுது.

அக்கா,
இனேஸ்

&nbsp;

தீவு,
12 ஜூன் 1932

அன்புள்ள அக்கா,

அட்டை வாங்கியது சரிதான். இதில் திட்ட என்ன இருக்கிறது? தேதியோடு அவர்கள் ஆட்சிக் கணக்குப்படி நீ மேலே போட்டிருந்த 'பத்தாம் ஆண்டு' மட்டும் என்னைச் சிரிக்க வைத்தது. கரும்பலகையில் தினமும் எழுதி எழுதிக் கை பழகிவிட்டதுபோல. வீட்டுக்கு எழுதும்போது வேண்டாம்.

(இங்கே இரண்டு வரிகள் மை பூசி மறைக்கப்பட்டுள்ளன.)

அம்மா கோபம் ஆறும். நான் எழுதுவதை வாசிக்கவிடாவிட்டால், நீயாகச் சொல்வதுபோல் சொல்லு: வெயிலில் நின்று நின்று கறுத்துவிட்டான், ஆனால் சதை போட்டிருக்கிறான். செத்திமியோவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான், பதிலுக்கு அவர் மீன் சுத்தம் செய்யச் சொல்லிக் கொடுக்கிறார் என்று. அவள் எழுந்து போனாலும் கதவருகில் நின்று கேட்பாள். எனக்குத் தெரியும்.

அல்தோ எதற்காக அழுதான்? துப்பாக்கி விழுந்ததற்கா, அதைத் திரும்ப எடுக்கச் சொன்னதற்கா?

உன் தம்பி,
ஒரெஸ்தே

&nbsp;

போர்கோலுங்கோ,
4 செப்டம்பர் 1932

அன்புத் தம்பிக்கு,

பதினொரு வாரமாக உனக்கு எழுதவில்லை. நீ அனுப்பிய நான்கு கடிதங்களும் வந்தன. எதற்கும் பதில் போடாததன் காரணத்தை இப்போது சொல்கிறேன். உட்கார்ந்து வாசி.

அம்மா ஆகஸ்டு ஒன்பதாம் தேதி மதியம் இறந்துபோனாள். ஜூன் முடிவிலேயே இதயம் தளர்ந்துவிட்டது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உனக்கு எழுதினால் நீ அனுமதி கேட்பாய், அவர்கள் அந்த இரண்டு வாக்கியத்தைத்தான் விலையாகக் கேட்பார்கள். அதனால் எழுதவில்லை. என் முடிவு அது. தவறென்றால் என் தவறு.

கடைசி நாட்களில் உன்மேல் கோபம் இல்லை அவளுக்கு. இதை நீ நம்ப வேண்டும். சாவதற்கு இரண்டு நாள் முன்பு அவளிடம் நான் ஒரு விஷயம் சொன்னேன். அதன் பிறகு உன்மேல் கோபம் துளியும் இல்லை. நிம்மதியாகப் போனாள்.

அடக்கத்துக்குப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். உன் பழைய முதலாளி கல்லறைச் சுவருக்கு வெளியே தொப்பியைக் கழற்றி நின்றார்.

அழுகை வந்தால் அடக்காதே. செத்திமியோவிடம் சொல்லிவிடு, தனியாக இருக்காதே.

அக்கா,
இனேஸ்

&nbsp;

தீவு,
18 செப்டம்பர் 1932

அக்கா,

உன் கடிதம் நேற்று கொடுத்தார்கள். மாலையில் பெயர் கூப்பிட்டபோது எனக்குக் காது கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற செத்திமியோ என் தோளைத் தொட்டு, "இருக்கேன்னு சொல்லுப்பா" என்றார். இருக்கேன் என்றேன்.

உன்னைக் குறை சொல்லவில்லை.

அம்மாவிடம் என்ன சொன்னாய் என்று எனக்குப் புரிகிறது. அவளிடம் சொன்னதோடு போதும். வேறு யாரிடமும் சொல்லாதே. இது தம்பியாகக் கேட்பது.

ஒரெஸ்தே

&nbsp;

போர்கோலுங்கோ,
9 அக்டோபர் 1932

அன்புத் தம்பிக்கு,

நலமாயிரு. நீ கேட்டதை நான் செய்யவில்லை.

திங்கட்கிழமை பள்ளி முடிந்ததும் நேராகக் காவல் நிலையம் போனேன். அந்தத் தாளை எழுதியது நான், என் தம்பி என் எழுத்தை அச்சில் கோத்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்றேன். இந்தக் கடிதத்தை வாசிக்கிறவர்களுக்கும் இது புதிதல்ல, வாக்குமூலத்திலேயே இருக்கிறது. பிள்ளைகளின் கையில் துப்பாக்கி கொடுப்பதைப் பற்றி ஒரு ஆசிரியைதான் எழுதுவாள், அச்சகத்தில் இருக்கிறவனுக்கு அது எப்படித் தோன்றும் என்று கேட்டேன். அந்தத் தாளை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை நிறுத்தாமல் சொன்னேன்.

ஆய்வாளர் கேட்டு முடித்துவிட்டு எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

"டீச்சரம்மா, அழகா ஒப்பிச்சீங்க. உங்க பசங்களை விட நல்லா மனப்பாடம் பண்ணிருக்கீங்க."

"மனப்பாடம் இல்லீங்க, நான் எழுதினது."

"அம்மா போயிட்டாங்க. தம்பியும் பக்கத்துல இல்ல. மனசு தாங்கல. எங்களுக்குப் புரியாதா? இத ஒரு பொம்பள எழுதிருக்க முடியாதும்மா. வீட்டுக்குப் போங்க. நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்குல்ல?"

அப்புறம் பக்கத்து மேசைக்காரரிடம், "அக்கான்னா இப்படில்ல இருக்கணும்" என்றார். சிரிக்கவில்லை, உருகிப்போய்ச் சொன்னார். வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார்கள். விசாரணைக்குத் தீவுக்கு அனுப்புவார்களாம்.

உன்னைக் கேட்பார்கள். உண்மையைச் சொல், ஒரெஸ்தே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

இனேஸ்

&nbsp;

தீவு,
26 அக்டோபர் 1932

அன்புள்ள அக்கா,

சளி பிடித்திருக்கிறதா? இந்த மாதத்தில் உனக்கு எப்போதும் பிடிக்கும். நான் நலம்.

முகாம் அதிகாரி கூப்பிட்டு உன் வாக்குமூலத்தை வாசித்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, எங்கக்காவுக்கு 'என் பசு'ன்னு பத்து வரி எழுதச் சொன்னா அருமையா எழுதுவா. அதுக்கு மேல ஏறாது" என்றேன். அவரும் சிரித்தார். எல்லாம் முடிந்தது, கோப்பை மூடிவிட்டார்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கன்னம் சுடுகிறது. நீ எழுதியவற்றில்... சரி, விடு. நீ 'என் பசு' எழுது. அருமையாகவே எழுது.

இனி அந்தப் பக்கம் போகாதே.

தம்பி,
ஒரெஸ்தே

&nbsp;

போர்கோலுங்கோ,
13 நவம்பர் 1932

என் செல்லத் தம்பிக்கு,

இன்றைக்கு முகமன் எல்லாம் கிடையாது. ஆட்சியின் பத்தாண்டு விழாவுக்காகப் பொதுமன்னிப்பு அறிவித்துவிட்டார்கள்! செய்தித்தாளில் படித்ததும் வகுப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனு வேண்டாம், பெயர் வேண்டாம், ஒரு வாக்கியம்கூட வேண்டாம். நூற்றுக்கணக்கானவர்களை விடுகிறார்களாம். அம்மா இன்னும் மூன்று மாதம் இருந்திருந்தால் என்று நினைக்கிறேன், உடனே நினைப்பை நிறுத்துகிறேன்.

உன் கட்டிலை வெயிலில் போட்டு எடுத்தேன். அம்மாவின் கோழிகளில் நான்கு மிச்சம், ஒன்று உனக்காக. தெற்கிலிருந்து வரும் ரயில் நாலரைக்கு. பள்ளியிலிருந்து நேராக நிலையத்துக்குப் போகிறேன், நேற்றும் முந்தாநாளும் போனேன். நேற்று கையில் மூட்டையோடு ஒருவர் இறங்கினார். உன் உயரம். ஓடினேன். குதிரை வியாபாரி.

எந்த ரயில் என்று ஒரு தந்தி கொடு. கொடுக்காவிட்டாலும் நான் நிலையத்தில் இருப்பேன்.

அக்கா

&nbsp;

தீவு,
11 டிசம்பர் 1932

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும். தாமதத்துக்கு மன்னி.

நிலையத்துக்குப் போவதை நிறுத்திவிடு, பனியில் நிற்காதே. என் பெயர் பட்டியலில் இல்லை. எழுத்தர் பிழைபோலத்தான் தெரிகிறது, இவ்வளவு பேரில் ஒன்றிரண்டு விடுபடாதா? அடுத்த முறை பார்த்துக்கொள்வார்கள். செத்திமியோ போய்விட்டார். அவர் மெத்தை காலியாக இருப்பதால் இப்போது எனக்கு இடம் தாராளம்.

கோழியை நீ சாப்பிடு.

தம்பி,
ஒரெஸ்தே

&nbsp;

ஃபோர்மியா துறைமுகம்,
17 பிப்ரவரி 1933

அன்புத் தம்பிக்கு,

நாளைக் காலைப் படகில் வருகிறேன். இரண்டு நாள் உன்னைப் பார்க்க அனுமதி கிடைத்திருக்கிறது. இந்தக் கடிதமும் அதே படகில்தான் வரும். ஆனால் இதை அவர்கள் வாசித்து உன்னிடம் கொடுக்க நான்கு நாளாவது ஆகும், அதற்குள் நான் திரும்பியிருப்பேன். அப்படியே நடக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நேரில் இதை என்னால் சொல்ல முடியாது. சொன்னாலும் நீ சிரித்தே மழுப்பிவிடுவாய்.

விடுதலையாகி வந்த ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். யார் என்று எழுத மாட்டேன். நீ சொல்ல வேண்டாம் என்று சத்தியம் வாங்கியதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். உன் பெயர் பட்டியலில் இருந்திருக்கிறது. என் வாக்குமூலம் வந்த பிறகுதான் எடுத்திருக்கிறார்கள். நீ சிரித்ததோடு அதிகாரி விடவில்லை. உன் அக்காதான் எழுதினாளா இல்லையா, எழுத்தில் கொடு என்றிருக்கிறார். நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய்: நான் மட்டுமே எழுதினேன், வருந்தவில்லை, விட்டால் மறுபடியும் எழுதுவேன் என்று. அப்படி எழுதியவனை எந்த மன்னிப்பில் விடுவார்கள்? நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நவம்பரில் நீ வீட்டில் இருந்திருப்பாய்.

நாளை நீ எழுத்தர் பிழை என்பாய். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். நீ மெலிந்திருந்தால் சதை போட்டிருக்கிறாய் என்பேன். அப்படியே இரண்டு நாளும் போகட்டும்.

இன்னொன்றையும் உன்னிடம் பொய்யாகத்தான் எழுதியிருந்தேன். அம்மா நிம்மதியாகப் போகவில்லை. அவள் உன்மேல் கோபத்தோடு செத்துவிடக் கூடாது என்றுதான், அந்தத் தாளை எழுதியது நான்தான் அம்மா என்று அவள் காதில் சொன்னேன். அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "அப்ப நீ போ. போய் அவன அனுப்பு" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னிடம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. என் கையால் தண்ணீரும் வாங்கிக் குடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரிதான் கொடுத்தாள்.

நான் துணிந்து காவல் நிலையம் போனேன் என்று நீ நினைத்திருப்பாய். துணிச்சல் இல்லை, ஒரெஸ்தே. அம்மா போகச் சொன்னாள். போனேன். எல்லா வரிகளையும் சொன்னேன். அவர்கள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உன் அக்கா,
இனேஸ்